மேசைமேல் ஒரு போர்க்களம்

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளைக் கொண்ட படை என்பது பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் அந்நான்கும் பலகையில் நின்று பொருதும் ஆட்டம் இந்தியாவில் தோன்றி, பாரசீகம் சென்று, அரபு நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. மாணவர்களாகிய நீங்கள் பலரும் அதனை ஆடியிருப்பீர்கள். ஆடும்பொழுது ஒன்றைக் கவனித்ததுண்டா? அப்பலகையில் போர் இருக்கிறது, போர்க்களம் இல்லை. 64 கட்டங்களும் ஒரே மட்டமாக உள்ளன. ஏறி நிற்க ஒரு மேடு இல்லை; மறைந்து நிற்க ஒரு தோப்பு இல்லை; குதிரையின் குளம்பைப் பற்றி இழுக்கும் சேறு இல்லை. எதிரியின் காய்கள் அனைத்தும் நம் கண்முன்னே நிற்கின்றன. நாம் இடும் கட்டளை எதுவும் வழியில் தவறிப் போவதுமில்லை.

உண்மைப் போரில் மேடும் சேறும் மறைவும் தவறிய கட்டளையும் உண்டு. ஆகையால், போரின் இயல்பை அறிய விரும்பியோர், மலையும் ஆறும் ஊரும் உள்ள சிறு நிலம் ஒன்றை மேசைமேல் படைத்து, அதில் சிறு பொம்மை வீரர்களை நிறுத்தி ஆராயத் தொடங்கினர். பழைய போர்களை இவ்வாறு மேசைமேல் மீண்டும் நடத்திப் பார்ப்பது இன்று பல நாடுகளில் ஆர்வலர்கள் போற்றி வளர்க்கும் ஒரு கலை. விளையாட்டு என்று எளிதில் ஒதுக்கிவிடத்தக்க இக்கலை, வரலாற்றை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையே நமக்குக் கற்பிக்க வல்லது என்பது என் கருத்து. அதனை ஒரு போரின் வாயிலாக விளக்க முயல்கிறேன்.

முதலில் இக்கலையின் பிறப்பைக் காண்போம். ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரத்தில் கணிதம் கற்பித்த ஹெல்விக் என்பவர், 1780ஆம் ஆண்டில் மிகப் பல கட்டங்கள் கொண்ட பெரியதொரு போர்ச் சதுரங்கத்தை அமைத்தார். அதில் மலைக்கு ஒரு நிறம், நீர்நிலைக்கு ஒரு நிறம் என்று கட்டங்கள் வண்ணத்தால் வேறுபட்டன. பலகைக்குள் நிலம் நுழைந்தது. ஆயினும் கட்டம் நீங்கவில்லை. கட்டத்தையும் நீக்கியவர் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ். 1812ஆம் ஆண்டில் அவர் தம் அரசருக்கு ஒரு மேசையைச் செய்து அளித்தார். மேடும் பள்ளமும் ஆறும் சாலையும் அமைந்த வில்லைகளை விரும்பியபடி அடுக்கி, அம்மேசைமேல் எவ்வகை நிலத்தையும் உருவாக்கலாம்.

படைத்துறை அதிகாரியான அவருடைய மகன், 1824ஆம் ஆண்டில் இம்முறையை மேலும் செப்பம் செய்தார். மேசை நிலத்துக்குப் பதிலாக, உண்மை நிலத்தின் 8,000இல் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்தைக் கொண்டார். ஒவ்வொரு முறை காய் நகர்த்தலும் போர்க்களத்தின் 2 நிமிடத்தைக் குறித்தது. இரு தரப்புக்கும் நடுவே நடுவர் ஒருவர் அமர்ந்தார். எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடிய படைகள் மட்டுமே வரைபடத்தில் வைக்கப்பட்டன. மறைந்திருப்பவை நடுவர் மட்டும் அறிந்தவை. துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடை தீர்மானித்தது. போரில் தற்செயலுக்கும் ஒரு பங்கு உண்டல்லவா? பிரஷ்யப் படையின் தலைமை அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த மியூஃப்லிங் என்னும் தளபதி இவ்வாட்டத்தைக் கண்டு வியந்து, இதனைப் படைக்கு உரிய பயிற்சியாகவே ஏற்கச் செய்தார். இந்த மியூஃப்லிங் 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் ஆங்கிலத் தளபதி வெல்லிங்டனின் அருகில் பிரஷ்யப் படையின் சார்பாளராக நின்றவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாம் இனிக் காணப்போவதும் அந்த வாட்டர்லூ போரையே.

1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், பெல்ஜிய நாட்டில், பிரஸ்ஸல்ஸ் நகருக்குத் தெற்கே நெப்போலியனின் படையும் வெல்லிங்டனின் படையும் எதிரெதிராக நின்றன. நெப்போலியனிடம் ஏறத்தாழ 72,000 பேர்; வெல்லிங்டனிடம் ஏறத்தாழ 68,000 பேர். வெல்லிங்டனின் படையில் ஆங்கிலேயரோடு டச்சுக்காரரும் பெல்ஜியரும் ஜெர்மானியரும் கலந்திருந்தனர். பிற்பகலில் தொடங்கி அந்திக்குள், கிழக்கிலிருந்து புளூக்கரின் தலைமையில் ஏறத்தாழ 50,000 பிரஷ்யர் வந்து சேர்ந்தனர். இதனை மேசைமேல் அமைக்க வேண்டுமானால் முதலில் எழும் வினா, அளவு பற்றியது.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நம் பொம்மை வீரனின் உயரம் 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அவன் ஏறத்தாழ 70இல் ஒரு பங்காகச் சுருங்கிய மனிதன். நிலத்தையும் அதே அளவில் சுருக்கினால், 4 கிலோமீட்டர் அகலமுள்ள போர்க்களம் 57 மீட்டர் நீளம் பெறும். ஒரு பெரிய திருமண மண்டபத்திலும் அது அடங்காது. 4 மீட்டர் நீளமுள்ள மேசையில் அடக்க வேண்டுமானால், நிலத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அவ்வளவில் நம் பொம்மை வீரன் 25 மீட்டர் உயரமுள்ள அரக்கனாக நிற்பான். ஆகையால், ஆர்வலர்கள் நிலத்துக்கு ஓர் அளவும் வீரனுக்கு வேறோர் அளவும் கொள்கின்றனர். ஆளின் எண்ணிக்கையிலும் சுருக்கம் உண்டு. ஒரு பொம்மை 50 பேரைக் குறிக்கும் என்று கொண்டால், வாட்டர்லூவின் 1,90,000 பேருக்கு 3,800 பொம்மைகள் போதும். உயரத்திலோ சுருக்கத்தைத் தளர்த்த நேர்கிறது. 20 மீட்டர் உயரமுள்ள மேடு ஆயிரத்தில் ஒரு பங்கானால் 2 சென்டிமீட்டராகிவிடும்; கண்ணுக்கு மேடாகவே தோன்றாது. எனவே, மேடுகளை மட்டும் இரண்டு மூன்று மடங்கு உயர்த்திக் காட்டுகின்றனர்.

அடுத்தது காலம். சமநிலத்தில் விரைந்து நடக்கும் காலாட்படை நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் செல்லும். வாட்டர்லூவில் இரு படைகளுக்கும் இடையே இருந்த தொலைவோ ஒரு கிலோமீட்டர் அளவே. அப்படியானால் கால்மணி நேரத்தில் கடந்துவிடலாமே! பின் ஏன் அப்போர் முற்பகல் 11.30 மணியளவில் தொடங்கி இரவு வரை நீடித்தது? கட்டளையை எழுதவேண்டும், குதிரைவீரன் அதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், அணியை வரிசையிலிருந்து பத்தியாகவோ, சதுரமாகவோ மாற்றவேண்டும். பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே அஞ்சி நிற்கும் மனிதரை முன்னே செல்ல வைக்கவேண்டும். முதல்நாள் இரவெல்லாம் பெய்த மழையால் நிலம் சேறாகவும் கிடந்தது. இவற்றுக்கெல்லாம் ஆட்டத்தில் விதி வகுக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் ‘படை முன்னேறியது’ என்னும் இரண்டு சொற்களை நாம் ஒரு கணத்தில் வாசித்துவிடுகிறோம். மேசையின் முன் நிற்பவனோ, எவ்வழியே, எந்த அணியில், எத்தனை நிமிடத்தில் என்று கேட்டே ஆக வேண்டும்.

இனி, நிலத்தை உருவாக்கும் முறையைச் சொல்கிறேன். இதற்கு விலை உயர்ந்த பொருள்கள் தேவையில்லை. சம உயரக் கோடுகள் உள்ள நிலப்படம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே பிரதி எடுத்து, அதன்படி கனத்த அட்டையையோ தெர்மகோல் பலகையையோ வெட்டிக்கொள்ள வேண்டும். பெரியதை அடியிலும் சிறியதை மேலுமாக ஒட்டிவந்தால் படிப்படியான குன்று கிடைக்கும். பசையில் நனைத்த செய்தித்தாளை அதன்மேல் போர்த்திப் படிகளை மறைத்தால் சரிவு உண்டாகும். நன்றாக உலர்ந்தபின் பசை தடவி மெல்லிய மணலைத் தூவி, மண்ணிறம் பூசலாம். பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் புல்லாகும். சிறு கிளைகளைக் கொண்ட உலர்ந்த குச்சிகள் மரங்களாகும். வாட்டர்லூவின் வயல்களில் அந்த ஜூன் மாதத்தில் ‘ரை’ என்னும் தானியப் பயிர் உயர்ந்து நின்றது. பழைய தென்னை நார் மிதியடி ஒன்றிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி நட்டால் அப்பயிர் தத்ரூபமாக அமையும்.

நிலம் அமைந்ததும், பொம்மைகளை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நெப்போலியனின் பீரங்கிகள் நின்ற இடத்தில் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மறுநுனியை எதிர்ப்புற மேட்டின் பின்னே இழுத்துச் செல்லுங்கள். நூல் மேட்டின் உச்சியைத் தொட்டு நின்றுவிடும். உச்சிக்கு அப்பால் உள்ள சரிவு பீரங்கிப் படையினரின் கண்ணுக்குத் தெரியாது. வெல்லிங்டன் தம் படையின் பெரும்பகுதியை அந்தப் பின்சரிவிலேயே நிறுத்தியிருந்தார். மேட்டுக்கு முன்னே ஊகூமோன், லா ஹே சான்ட் என்னும் இரு பண்ணை வீடுகளைக் காவல் அரண்களாக்கினார். எத்தனை பக்கங்கள் வாசித்தாலும் தெளிவாகாத இந்த உத்தியை ஒரு முழம் நூல் விளக்கிவிடுகிறது.

இவ்வாறு வாட்டர்லூ களத்தை உருவாக்கியவர்களுள் தலையாயவர் வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. 1797ஆம் ஆண்டில் பிறந்த அவர், வாட்டர்லூ போரில் கலந்துகொண்டவர் அல்லர். 1830ஆம் ஆண்டில், அப்போரின் மாதிரி ஒன்றை அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் லா ஹே சான்ட் பண்ணையிலேயே எட்டு மாதங்கள் தங்கி, அந்நிலத்தை அளந்தார். அதற்குள் நிலமே சிறிது மாறிவிட்டிருந்தது. போரின் நினைவாக 40 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்டு 1826ஆம் ஆண்டில் முடிவுற்ற சிங்கமேட்டுக்காக, வெல்லிங்டனின் படை நின்ற மேட்டிலிருந்தே மண் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பதினைந்தே ஆண்டுகளில் போர்க்களமும் பழைய சாட்சியாக நிற்கவில்லை.

நிலத்தை அளக்கலாம், மறைந்துபோன ஒரு மாலைப்பொழுதை எப்படி அளப்பது? சைபோர்ன் மாலை 7 மணியளவில் இருந்த நிலையைக் காட்ட முடிவு செய்தார். நெப்போலியனின் பேரரசுக் காவற்படை இறுதித் தாக்குதலுக்கு வந்த நேரம் அது. போரில் கலந்துகொண்டு உயிருடன் இருந்த அதிகாரிகளுக்கு அவர் சுற்றுக்கடிதம் அனுப்பினார். அந்நேரத்தில் உங்கள் படைப்பிரிவு எங்கே இருந்தது? எந்த அணியில் நின்றது? எதிரே இருந்த பகைவர் எவ்வாறு நின்றனர்? வயலில் என்ன பயிர் இருந்தது? இத்தகைய கேள்விகளுக்கு ஏறத்தாழ 700 கடிதங்கள் விடையாக வந்தன. ஒரு போரில் கலந்துகொண்டவர்களை இவ்வளவு பரவலாக விசாரித்துச் சான்று திரட்டியது அக்காலத்தில் மிக அரிய செயல்.

அந்தச் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தினவா? இல்லை. பேரரசுக் காவற்படையை முறியடித்த பெருமை தமக்கே உரியது என்று முதல் காலாட்காவற்படையினர் கருதினர். பக்கவாட்டில் திரும்பி அப்படையைச் சிதறடித்தவர் தாமே என்று 52ஆம் படைப்பிரிவினர் கருதினர். டச்சு, பெல்ஜியப் படைகளுக்கும் அதில் பங்கு உண்டு. தாக்க வந்தவர்கள் பல அணிகளாகப் பிரிந்து வந்தனர் என்றும், வெவ்வேறு அணிகளை வெவ்வேறு படைகள் சற்று முன்பின்னாக முறியடித்தன என்றும் கொண்டால் பெரும்பாலான கூற்றுகள் பொருந்திவிடுகின்றன. புகைமண்டலத்தில் நின்ற வீரன் தன் முன்னே இருந்த நூறு அடியைத்தான் கண்டான். தன் கண்ணுக்குத் தெரிந்ததையே முழுப்போர் என்று அவன் நம்பியதில் வியப்பில்லை.

போரின் வரலாற்றை எழுதுவது குறித்து வெல்லிங்டனும் ஐயம் கொண்டிருந்தார். நடன விருந்து ஒன்றின் வரலாற்றை எழுதுவது எத்தகையதோ, போரின் வரலாற்றை எழுதுவதும் அத்தகையதே என்று அவர் 1815இலேயே ஒரு கடிதத்தில் ஒப்பிட்டிருந்தார். சிறு நிகழ்ச்சிகள் பலருக்கும் நினைவிருக்கும். எது முன்னே, எது பின்னே என்பது நினைவிராது. இந்த எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் சைபோர்னின் மாதிரியைப் பற்றி எழுந்த பூசலுக்குக் காரணம் இது மட்டுமன்று.

மேசை எங்கே முடியவேண்டும் என்பதே அங்கே எழுந்த பெரிய வினா. வெல்லிங்டனின் மேட்டையும் அதன் எதிர்மேட்டையும் மட்டும் அமைத்தால், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போராக அது தோன்றும். மேசையைத் தென்கிழக்கே இன்னும் சில அடி நீட்டினால், நெப்போலியனின் வலப்புறப் பின்பகுதியில் பிளான்ஸ்நுவா என்னும் சிற்றூர் வந்துவிடும். அங்கே மாலை 4.30 மணி முதலே பிரஷ்யர் தாக்கிக்கொண்டிருந்தனர். தம் காவற்படையின் ஒரு பகுதியையே நெப்போலியன் அவ்வூரைக் காக்க அனுப்ப நேர்ந்தது. அப்பொழுது அது இரு படைகள் சேர்ந்து பெற்ற வெற்றியாகத் தோன்றும். மேசையின் விளிம்பை வரைவதே ஒரு தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகிவிட்டது.

சைபோர்ன் பிளான்ஸ்நுவாவைச் சேர்த்தார். பிரஷ்யப் படைத் தலைமையிடமும் விவரம் கேட்டுப் பெற்று, அவர்களைப் பெருந்திரளாகக் களத்தில் நிறுத்தினார். மேலிடத்தில் இது அதிருப்தியை விளைத்தது. வெல்லிங்டனின் செயலாளராகப் போரில் இருந்த ஃபிட்ஸ்ராய் சாமர்செட், இம்மாதிரியைக் காண்போர் வெற்றிக்குக் காரணம் ஆங்கிலேயரின் வீரமும் தலைவரின் திறமையும் என்று கருதாமல், பிரஷ்யரின் வரவே என்று கருதிவிடுவர் எனக் கவலை தெரிவித்தார். போருக்கு மறுநாள் எழுதிய அறிக்கையில் பிரஷ்யரின் உதவியை வெல்லிங்டனே மனமுவந்து பாராட்டியிருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளில் வெற்றியின் புகழ் ஒரு நாட்டின் உடைமையாகிவிட்டது.

அரசின் பொருளுதவியும் இடையில் நின்றது. சைபோர்ன் கடன் வாங்கி வேலையை முடித்தார். 1838ஆம் ஆண்டில் லண்டனில் அம்மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. 400 சதுர அடிக்கு மேற்பட்ட அதன் பரப்பில், விரல் நகத்தின் உயரமே உள்ள உலோக வீரர்கள் பல்லாயிரவர் நின்றனர். ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வந்து கண்டனர். ஆயினும் அவர் கடன் தீரவில்லை. பிறகு, பிரஷ்யரைத் தாம் நிறுத்திய இடம் தவறு என்று ஒப்புக்கொண்டு, அவ்வீரர்களுள் பெரும்பகுதியைத் தம் கையாலேயே களத்திலிருந்து நீக்கினார். புதிய சான்று கண்டு மனம் மாறினாரா, வலியோரின் வெறுப்புக்கு அஞ்சினாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். 1844ஆம் ஆண்டில் அவர் எழுதிய போர் வரலாறு வெளிவந்தது. அதே காலத்தில் இரண்டாம் மாதிரி ஒன்றையும் பெரிய அளவில் அமைத்தார். 1849ஆம் ஆண்டில், செலவிட்ட பொருளை மீளப் பெறாமலே காலமானார்.

அவருடைய முதல் மாதிரி இன்று லண்டனில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. எஞ்சிய பொம்மைகள் ஏறத்தாழ 75,000. ஆனால் அவர் நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அக்கடிதங்களே என்பேன். அவற்றுள் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பொம்மைகளை நீக்கலாம், கேள்விக்கு வந்த விடைகளை நீக்கவில்லை. அவற்றைக் கொண்டு பின்வந்தோர் அந்த மாலைப்பொழுதை மீண்டும் மீண்டும் விசாரிக்க முடிந்தது.

போரை விளையாட்டாக்குவது தகுமா என்று உங்களுள் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வாட்டர்லூவில் ஒரே நாளில் மூன்று படைகளிலும் சேர்த்து 40,000க்கு மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ விழுந்தனர். மேசைமேல் வீழ்ந்த பொம்மைகள் ஆட்டம் முடிந்ததும் நலமாகப் பெட்டிக்குத் திரும்பிவிடுகின்றன. இந்த வேறுபாட்டை மறப்பவன் இக்கலைக்குத் தகுதியற்றவன். விஞ்ஞானக் கதைகளால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை விளக்கி 1913ஆம் ஆண்டில் ‘சிறு போர்கள்’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு நூல் எழுதினார். அதன் முடிவில் அவர் போரைப் போற்றவில்லை. சில முறை இதனை ஆடிப் பார்த்தவர், உண்மைப் போர் எவ்வளவு தடுமாற்றமும் மதிகேடும் நிறைந்தது என்பதை உணர்ந்துகொள்வர் என்றே உரைத்தார். அடுத்த ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது.

மாணவர்களே, ஒரு போரைப் பற்றியோ, ஓர் ஆட்சியின் எழுச்சியைப் பற்றியோ, வேறு எந்த வரலாற்று நிகழ்ச்சியைப் பற்றியோ வாசிக்கும்பொழுது, அதனை ஒரு மேசைமேல் அமைக்க நேர்ந்தால் என்ன செய்வோம் என்று எண்ணிப் பாருங்கள். யார் எங்கே நின்றனர்? எந்த நேரத்தில்? இதனைக் கண்டு சொன்னவர் யார். அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்குமா? இறுதியாக, மேசையின் விளிம்பை வரைந்தவர் யார். அதற்கு அப்பால் யாருடைய பிளான்ஸ்நுவா விடுபட்டிருக்கிறது? விடுமுறை நாள்களில் அட்டையும் பசையும் மணலும் கொண்டு ஒரு களத்தை அமைத்துப் பார்க்க வாய்ப்பு உள்ளவர்கள் அமைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொம்மையையும் வைக்கும்பொழுது, அதனை அங்கே வைப்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சான்று இல்லாத பொம்மைகள் எத்தனை என்று இறுதியில் எண்ணிப் பார்த்தால், நாம் உறுதியாக அறிந்தது எவ்வளவு, நம்பி ஏற்றுக்கொண்டது எவ்வளவு என்பது விளங்கிவிடும்.